கல்லூரிக் கார்னர்பேக்கை எடைபோடுவது எப்படி? என்எஃப்எல் டிராஃப்ட் பார்க்கப் புதிதாக வருபவர்களுக்கு

ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில், அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட் வரும். 32 அணிகள், ஏழு சுற்று, மூன்று நாள். 250க்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்கள் எந்த அணிக்குப் போகிறார்கள் என்பது அதில் முடிவாகும். யார் எத்தனையாவது ஆளாகப் போவார் என்ற பேச்சு ஜனவரியிலேயே தொடங்கிவிடும். பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கார்னர்பேக் என்று வந்தால் மட்டும் பேச்சு இரண்டே கேள்வியில் முடிந்துவிடும்: எவ்வளவு வேகமாக ஓடினான், எத்தனை இன்டர்செப்ஷன் எடுத்தான் (அதாவது எதிரணி வீசிய பந்தைப் பறித்தான்)? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றோடு நிறுத்திக்கொண்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

அமெரிக்கன் ஃபுட்பால் விதிகள் ஓரளவு தெரியும், டிவியில் தொடர்ந்து பார்க்கிறேன், ஆனால் ஒரு வீரரை நானாகவே மதிப்பிட்டுப் பார்த்ததில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்னரின் வேலையைச் சொல்வது சுலபம். வீசும் பந்தைப் பிடிக்க ஓடும் எதிரணி ரிசீவர் அதைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பிடித்துவிட்டால் அங்கேயே விழத்தட்ட (டேக்கிள் செய்ய) வேண்டும். சிக்கல் என்னவென்றால், எங்கே ஓடப்போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும், கார்னருக்குத் தெரியாது. கபடியில் கார்னரில் நிற்பவர் ரெய்டரின் காலைப் பார்த்தபடி காத்திருப்பாரே, அந்த நிலைமைதான். அதையும் பின்னோக்கி ஓடிக்கொண்டே செய்ய வேண்டும். அதனால் எவ்வளவு பெரிய கார்னராக இருந்தாலும் ஓர் ஆட்டத்தில் சில தடவையாவது அரை அடி பின்தங்கத்தான் செய்வார். அந்த அரை அடிக்கு அடுத்த நொடியில் என்ன செய்கிறார் என்பதுதான், என் கணக்கில், எல்லாவற்றையும்விட அதிகம் சொல்லும். மற்ற மதிப்பீடுகளை அதைச் சுற்றித்தான் வைக்க வேண்டும்.

படி 1: எந்த ஆட்டங்களைப் பார்ப்பது

இணையத்தில் கிடைக்கும் ஹைலைட் தொகுப்பை முதலில் பார்க்காதீர்கள். அதில் எல்லோருமே நட்சத்திரங்கள். ஒரு வீரருக்கு மூன்று நான்கு முழு ஆட்டங்கள் போதும். அவற்றில் ஒன்று நல்ல ரிசீவர்கள் உள்ள அணிக்கு எதிரானதாகவும், ஒன்று அவர் திணறியதாகவும் இருக்க வேண்டும். திணறிய ஆட்டத்தை ஒதுக்கிவிட்டு எழுதும் மதிப்பீட்டுக்கு மதிப்பில்லை.

டிவி கேமரா பந்துக்குப் பின்னால் போகும். கார்னர் பாதி நேரம் திரையிலேயே இருக்க மாட்டார். அணிகள் பார்ப்பது 22 பேரும் தெரியும்படி உயரத்திலிருந்து எடுத்த படம், கல்லூரி ஆட்டங்களுக்கு அது வெளியாட்களுக்கு எளிதில் கிடைக்காது. அதனால் இருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். பந்து கைமாறும் முன் கார்னர் எங்கே நிற்கிறார், முதல் இரண்டு அடி எப்படி வைக்கிறார் என்பது டிவியிலும் பெரும்பாலும் தெரியும். அப்புறம் ரீப்ளே. கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து காட்டும் ரீப்ளே வந்தால் உடனே நிறுத்தி, திரும்பத் திரும்பப் பாருங்கள், கால் வேலை அதில்தான் தெளிவாகத் தெரியும். மூன்றாவது டவுனில், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில், இன்னும் ஏழெட்டு யார்டு தேவைப்படும் தருணங்களை விட்டுவிடாதீர்கள். பந்து காற்றில் வரப்போகிறது என்று அரங்கமே அறிந்த நேரம் அது.

ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: கால், இடுப்பு, பின்தங்கியபோது செய்தது. பந்து பிடிபட்டதா இல்லையா என்பதைக் கடைசியில், வேறு நிற மையில் எழுதுங்கள். நன்றாகக் காவல் காத்தும் அபாரமான வீச்சால் தோற்ற ஆட்டங்கள் இருக்கும். மோசமாக ஏமாந்தும் குவார்ட்டர்பேக் தவறாக வீசியதால் பிழைத்த ஆட்டங்களும் இருக்கும். முடிவை முதலில் எழுதினால் மற்ற மூன்று பத்தியும் அதற்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

படி 2: முதல் இரண்டு அடி

கார்னர் ரிசீவரின் முகத்துக்கு நேராக, ஒரு கை தூரத்தில் நின்றால் அது பிரஸ். ஆட்டம் தொடங்கியதும் ரிசீவர் தோளை அசைப்பார், தலையை ஆட்டுவார், காலைத் தட்டுவார். எல்லாம் ஏமாற்று வேலை. நல்ல கார்னர் அவசரப்படாமல் பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக வைத்து ரிசீவருக்கு முன்னாலேயே இருப்பார், கையைத் தாமதமாகத்தான் நீட்டுவார். பக்குவம் இல்லாதவர் முதல் அசைவிலேயே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்துவிடுவார். உடல் எடை கால்விரலைத் தாண்டிப் போனதும் ரிசீவருக்கு வழி திறந்துவிடும். கல்லூரியில் வேகத்தை வைத்துப் பலர் இதைச் சமாளித்துவிடுவார்கள். என்எஃப்எல்லில் முடியாது. அங்கே ரிசீவருக்கும் அதே வேகம் இருக்கும்.

ஏழு எட்டு யார்டு தள்ளி நிற்கும் ஆட்டங்களில் வேறொன்றைப் பாருங்கள். தாழ்ந்த உடம்போடு பின்னால் நகர்ந்துகொண்டிருக்கும் கார்னர், ரிசீவர் சட்டென்று நின்றதும் ஒரே காலை ஊன்றி முன்னால் பாய வேண்டும். காலை ஊன்றுவதற்கு முன் இரண்டு மூன்று சின்ன அடி வைத்துத் தடுமாறினால், அந்த இடைவெளியில் பந்து வந்து சேர்ந்துவிடும். மெதுவாக ஓட்டிப் பார்த்து அந்த அடிகளை எண்ணுங்கள். முதலில் சலிப்பாக இருக்கும், நாலைந்து வீரர்களுக்கு எண்ணிய பிறகு வித்தியாசம் பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும்.

இடுப்பைத் திருப்பும் விதமும் அப்படித்தான். பின்னோக்கி ஓடுபவர் முன்னோக்கி ஓடத் திரும்பும்போது வேகம் குறையாமல் ஒரே வீச்சில் திரும்ப வேண்டும். உயரமான கார்னர்களில் பலர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 6 அடி 3 அங்குல உயரமும் வழுக்கிக்கொண்டு திரும்பும் இடுப்பும் ஒரே ஆளிடம் அமைந்தால் அணிகள் ஏன் அடித்துக்கொள்கின்றன என்று புரிந்துகொள்ள, சின்சினாட்டியில் ஆடிய சாஸ் கார்ட்னரின் 2021 ஆட்டங்களைப் பாருங்கள். மூன்று கல்லூரிப் பருவங்களில் தன் காவலில் ஒரு டச்டவுன்கூட விட்டுக்கொடுக்காதவர். 2022 டிராஃப்டில் நான்காவது ஆளாக நியூயார்க் ஜெட்ஸ் எடுத்தது.

படி 3: பின்தங்கிய அந்த ஒரு நொடி

ரிசீவர் அரை அடி, ஓர் அடி முந்திவிட்டார். பந்து வருகிறது. இனி கார்னர் என்ன செய்கிறார்?

சிலர் சட்டையைப் பிடிப்பார்கள். சிலர் பதற்றத்தில் பந்தைத் தேடித் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பியதும் வேகம் குறையும், அரை அடி இரண்டு அடியாகிவிடும். டிவியில் பார்க்கும் நமக்கு, பாவம், திரும்பிக்கூடப் பார்த்தாரே என்று தோன்றும். பயிற்சியாளருக்கு அது தவறு. ரிசீவரின் இடுப்போடு ஒட்டி, சரிக்குச் சரியாக ஓடும்போது மட்டும்தான் திரும்பிப் பந்தைப் பார்க்கலாம். பின்தங்கி இருந்தால் பந்தை மறந்துவிட்டு முதலில் ரிசீவரை எட்டிப் பிடிக்க ஓட வேண்டும். ரிசீவரின் கண் பெரிதாவதையும் கை மேலே போவதையும் பார்த்து, அந்தக் கைகளுக்கு நடுவே தன் கையை விட வேண்டும். கல்லூரியிலேயே இதை நிதானமாகச் செய்பவரைக் கண்டால் நோட்டில் அடிக்கோடு போடுங்கள்.

இன்னொரு கேள்வியும் இதோடு சேர்ந்தது: நீளமான டச்டவுன் ஒன்றை விட்டுக்கொடுத்த பிறகு, அடுத்த முறை அதே ரிசீவருக்கு எதிரே எங்கே போய் நிற்கிறார்? முன்பு பிரஸ் ஆடியவர் பயந்து பத்து யார்டு தள்ளி நின்றால் எதிரணி அதைக் கவனிக்கும். நீங்களும் கவனியுங்கள். பயிற்சியாளர் உத்தரவாகவும் இருக்கலாம் என்பதால் ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

படி 4: கல்லூரி விதி வேறு, என்எஃப்எல் விதி வேறு

புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான்.

என்எஃப்எல்லில் ஆட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து ஐந்து யார்டுக்கு மேல் போன ரிசீவரைக் கார்னர் இடித்துத் தடுக்கக் கூடாது. 1978இல் வந்த கட்டுப்பாடு இது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் ரிசீவர்களை வழி நெடுக இடித்தே முடக்கியதால் இன்றைக்கும் அவர் பெயரிலேயே அந்த விதியைச் சொல்கிறார்கள். கல்லூரியில் இந்த ஐந்து யார்டு எல்லை கிடையாது. பந்து காற்றில் ஏறும் வரை நிறைய இடிக்கலாம். ஆகவே ஒரு கல்லூரிக் கார்னர் எட்டாவது, பத்தாவது யார்டில் ரிசீவர் மீது கை வைத்துத் திசை மாற்றினால், அதை அடுத்த ஆண்டு நடுவரின் மஞ்சள் கொடி (தவறு என்ற அறிவிப்பு) விழப்போகும் இடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டத்தில் அப்படி எத்தனை என்று எண்ணுங்கள். கையை எடுத்துவிட்டால் இவரிடம் என்ன மிச்சம் என்று கேட்டுப் பாருங்கள். சிலரிடம் எல்லாமே மிச்சம் இருக்கும். சிலரிடம் ஒன்றுமே இருக்காது.

தண்டனையும் வேறு. பந்து வரும்போது ரிசீவரை மறித்தால் கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டு. என்எஃப்எல்லில் தவறு நடந்த இடத்திலேயே பந்து வைக்கப்படும், 45 யார்டு தள்ளி நடந்தால் 45 யார்டும் போச்சு. டச்டவுன் போவதைவிட 15 யார்டு பரவாயில்லை என்று கல்லூரியில் ரிசீவரைக் கட்டிப்பிடிப்பது கெட்டிக்காரத்தனம். தொழில்முறையில் அதே பழக்கம் ஆட்டத்தையே தோற்கடித்துவிடும்.

மைதானமும் ஒரே மாதிரி இல்லை. அகலம் இரண்டிலும் 160 அடிதான். ஆனால் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகளுக்கு நடுவே கல்லூரியில் 40 அடி இடைவெளி, என்எஃப்எல்லில் 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு ஹாஷில் இருந்தால் குறுகிய பக்கம் 60 அடி, அகன்ற பக்கம் 100 அடி. என்எஃப்எல்லில் அதே கணக்கு ஏறக்குறைய 71க்கு 89. சில கல்லூரிகளில் ஒரு கார்னர் எப்போதும் குறுகிய பக்கமே நிற்பார், எல்லைக்கோடே அவருக்கு இன்னொரு காவலாள். உங்கள் ஆள் எந்தப் பக்கம் நின்று பெயர் வாங்கினார் என்று பார்த்துவிடுங்கள்.

கார்னருக்குச் சாதகமாக மாறுவது ஒன்றே ஒன்று. கல்லூரியில் ரிசீவருக்கு ஒரு கால் எல்லைக்குள் இருந்தால் போதும், என்எஃப்எல்லில் இரண்டு காலும் வேண்டும்.

படி 5: பந்தும் டேக்கிளும்

இன்டர்செப்ஷன் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு தாறுமாறாக ஏறி இறங்கும். டல்லாஸ் கவ்பாய்ஸின் டிரெவான் டிக்ஸ் 2021 பருவத்தில் 11 எடுத்தார், அடுத்த பருவம் 3. அதற்காக அவர் திடீரென்று மோசமாகிவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை. 2022 பருவத்தில் சியாட்டில் சீஹாக்ஸுக்காக ஆடிய புதியவர் டாரிக் வூலன் 6 இன்டர்செப்ஷன் எடுத்தார், கார்ட்னர் எடுத்தது 2. ஆனால் கார்ட்னர் 20 பந்துகளைத் தட்டிவிட்டு லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். சிறந்த புதிய தடுப்பாட்டக்காரர் விருதும் அவருக்குத்தான்.

எனவே எண்ணிக்கையைவிட விதத்தைப் பாருங்கள். பந்தைக் கையால் பிடிக்கிறாரா, மார்போடு அணைக்கிறாரா? ரிசீவரின் கையிலிருந்து பந்தைப் பிரித்தெடுக்கிறாரா? கல்லூரியில் முன்பு ரிசீவராக ஆடியவர் என்றால் காற்றிலுள்ள பந்தை அணுகும் விதமே தனி. டிக்ஸ், வூலன், அவர்களுக்கு முன் ரிச்சர்ட் ஷெர்மன் எல்லோரும் அந்த வழியில் வந்தவர்கள். ஷெர்மனை 2011இல் சியாட்டில் எடுத்தது ஐந்தாவது சுற்றில், 154ஆவது ஆளாக. வூலனையும் 2022இல் அதே அணி அதே சுற்றில் 153ஆவது ஆளாக எடுத்தது. ஒரு தடவை பலித்த சூத்திரத்தை அணிகள் எளிதில் விடுவதில்லை.

டேக்கிள் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஓட்ட ஆட்டம் தன் பக்கம் வரும்போது தடுப்பவரைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாரா, ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறாரா என்பது இரண்டாவது குவார்ட்டருக்குள் தெரிந்துவிடும். இல்லினாய்ஸின் டெவன் விதர்ஸ்பூன் சுமார் 180 பவுண்டுதான், ஆனால் மோதத் தயங்காதவர். 2023இல் ஐந்தாவது ஆளாகப் போனார். அந்த அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கை இரண்டு முறை வீழ்த்தி, 97 யார்டு ஓடி இன்டர்செப்ஷன் டச்டவுனும் அடித்தார்.

படி 6: புள்ளிவிவரம்

படம் பார்த்து முடித்த பிறகுதான் இதற்கு வர வேண்டும். முதலில் எண்ணைப் பார்த்துவிட்டால் கண் அதையே தேடும்.

காவல் காத்த ஆட்டங்களில் எத்தனை முறை இவர் பக்கம் பந்து வீசினார்கள் என்பது முதல் எண். நல்ல கார்னர் பக்கம் குவார்ட்டர்பேக்குகள் பார்க்கவே மாட்டார்கள். அதனால் அவருடைய கணக்கு வெறுமையாகத் தெரியும், அந்த வெறுமைதான் பாராட்டு. அடுத்தது, வீசியவற்றில் எத்தனை பிடிபட்டன, எத்தனை யார்டு போயின. மூன்றாவது, இவர் மீது வீசும்போது குவார்ட்டர்பேக்கின் பாஸர் ரேட்டிங், அதாவது வீச்சின் தரத்தைச் சொல்லும் கூட்டு எண். எல்லாப் பந்தையும் யாருக்கும் இல்லாமல் தரையில் அடித்தாலே 39.6 ரேட்டிங் வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு கார்னர் மீது வீசிக் கிடைக்கும் ரேட்டிங் அந்த அளவை ஒட்டி இருந்தால், அவர் பக்கம் வீசுவதும் தரையில் அடிப்பதும் ஒன்றுதான்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்குகளை எழுதுபவர்களுக்கு அணியின் உள் உத்தரவு தெரியாது. ஸோன் ஆட்டத்தில், அதாவது ஆளை விட்டு இடத்தைக் காக்கும் முறையில், யாருடைய இடத்தில் ஓட்டை விழுந்தது என்பது பல நேரம் ஊகம்தான்.

படி 7: கம்பைனும் அளவுகளும்

பிப்ரவரி கடைசியில் இண்டியானாபொலிஸில் கம்பைன், அதாவது டிராஃப்டுக்கு வரும் வீரர்களை அணிகள் அளந்து சோதிக்கும் முகாம், நடக்கும். 1987 முதல் அதே ஊர். 40 யார்டு ஓட்டம்தான் தலைப்புச் செய்தி. 2022இல் பேய்லரின் கேலன் பார்ன்ஸ் 4.23 நொடியில் ஓடினார், வூலன் 4.26. அந்த ஆண்டு கார்ட்னர் 4.41. பார்ன்ஸ் ஏழாவது சுற்றில் 242ஆவது ஆளாகப் போனார், வூலன் மூன்றாம் நாள் வரை காத்திருந்தார், கார்ட்னர் முதல் நாளே நான்காவது. வேகத்துக்கு அணிகள் உண்மையில் என்ன விலை வைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டாம். 2010இல் ஜோ ஹேடன் கம்பைனில் 4.5 நொடிக்கு மேல் எடுத்தார், எல்லோரும் முகம் சுளித்தார்கள். ஆனாலும் கிளீவ்லண்ட் ஏழாவது ஆளாக எடுத்தது, நல்ல கார்னராக நீண்ட காலம் ஆடினார்.

நான் இப்படித்தான் பார்ப்பேன்: 4.5க்குள் ஓடினால் மேற்கொண்டு கேள்வி இல்லை. 4.5க்கும் 4.6க்கும் இடையில் என்றால் திரும்பப் போய் நீளமான பந்துகளை மட்டும் படத்தில் பார்ப்பேன், உண்மையிலேயே பின்தங்குகிறாரா என்று. 4.6ஐத் தாண்டினால் ஓரத்தில் நிற்கும் கார்னராக இவரை நினைப்பதை நிறுத்திவிடுவேன். முதல் பத்து யார்டுக்கு எடுத்த நேரம் தனியாக வரும், அது மொத்த நேரத்தைவிடப் பயனுள்ளது. கடிகாரத்தோடு நிறுத்தாமல், பின்னோக்கி ஓடித் திரும்பும் பயிற்சிகளையும் உட்கார்ந்து பாருங்கள். படத்தில் சந்தேகப்பட்ட இடுப்பு அங்கே வெட்டவெளிச்சமாகிவிடும்.

அளவுகளில் முக்கியம் கை நீளம். 31 அங்குலத்தை ஒட்டி இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பீட் கேரல் காலத்துச் சியாட்டில் 32 அங்குலம் தேடியது பிரபலம். ஆனால் இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டிரென்ட் மெக்டஃபிக்கு 29¾ அங்குலக் கை. அதைச் சொல்லியே பலர் பட்டியலில் கீழே தள்ளினார்கள். 2022இல் 21ஆவது ஆளாகக் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்தது, 2023 பருவத்தில் ஆல்-ப்ரோ, அதாவது பருவத்தின் தலைசிறந்தவர்கள் பட்டியலில் ஒருவர், ஆனார்.

எடை விஷயத்தில் நான் கொஞ்சம் கறாரானவன். மிசிசிப்பி ஸ்டேட்டின் இமானுவேல் ஃபோர்ப்ஸ் கல்லூரியில் ஆறு இன்டர்செப்ஷன்களை டச்டவுனாக மாற்றிச் சாதனை படைத்தவர். கம்பைனில் நிறுத்துப் பார்த்தபோது 166 பவுண்டு. 2023இல் 16ஆவது ஆளாக வாஷிங்டன் கமாண்டர்ஸ் எடுத்தது. கனத்த ரிசீவர்களுக்கு எதிரே திண்டாடினார், இரண்டாவது பருவம் முடிவதற்குள் அணி அவரை விடுவித்தது, லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் சேர்த்துக்கொண்டது. எடை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 170 பவுண்டுக்குக் கீழே உள்ள கார்னருக்கு முதல் சுற்று மதிப்பெண் கொடுக்கும் முன் இரண்டு தடவை யோசிப்பேன்.

கம்பைனுக்கு முன்பே அலபாமாவின் மொபீல் நகரில் சீனியர் பவுல் பயிற்சி நடக்கும். டிராஃப்டுக்கு வரும் கல்லூரி வீரர்கள் ஆடிக்காட்டும் ஆட்டம் அது. அங்கே ஒருவருக்கு ஒருவர் ஆட்டங்களில் ரிசீவருக்கு மைதானம் முழுவதும் சொந்தம், குவார்ட்டர்பேக்கைத் துரத்துவாரும் இல்லை. கார்னர்கள் தோற்பதற்காகவே செய்த ஏற்பாடு மாதிரி இருக்கும். அதில் தோற்றவர்களைக் கழித்துவிட வேண்டாம். ஜெயித்தவர்களைக் கவனியுங்கள். டொலிடோ சின்னக் கல்லூரிப் பிரிவில் (கான்ஃபரன்ஸ்) ஆடும் அணி, அங்கே யாரை எதிர்த்து ஆடினார் என்று குவின்யன் மிட்செல் மீது இருந்த கேள்வி 2024 சீனியர் பவுலோடு ஓய்ந்தது.

படி 8: எந்த அணிக்கு, எந்த இடத்துக்கு

ஒரே ஆள் ஓர் அணிக்கு முதல் சுற்று, இன்னோர் அணிக்கு நாலாவது சுற்றாக இருக்கலாம். ஆளோடு ஒட்டி நின்று ஆடும் மேன் கவரேஜ் அணிக்குக் கால் வேகமும் இடுப்பும் முதலில். ஸோன் ஆடும் அணிக்குக் குவார்ட்டர்பேக்கின் கண்ணைப் படிக்கும் புத்தியும், முன்னால் பாய்ந்து டேக்கிள் செய்யும் துணிவும் முதலில். நீங்கள் பார்த்த கல்லூரி எந்த முறையை அதிகம் ஆடியது என்று எழுதிவையுங்கள். ஸோனில் மட்டும் பார்த்த ஒருவரை மேன் கவரேஜ் நிபுணர் என்று எழுதுவது வெறும் ஆசை.

மூன்றாவது கார்னர், அதாவது ஸ்லாட்டில் (ஓர ரிசீவருக்கும் நடுவரிசைக்கும் இடைப்பட்ட இடத்தில்) நிற்கும் நிக்கல், இன்று உபரி ஆள் கிடையாது. என்எஃப்எல் அணிகள் பாதிக்கும் மேற்பட்ட நேரம் ஐந்து பின்வரிசைக்காரர்களோடுதான் ஆடுகின்றன. இடப்பக்கமும் வலப்பக்கமும் ரிசீவருக்கு வழி இருப்பதால் ஸ்லாட்டில் குறுகிய திருப்பமும் டேக்கிளும் முக்கியம், உயரம் அவ்வளவு இல்லை. அயோவாவின் கூப்பர் டிஜீனைக் கார்னராகப் போடுவதா, எல்லோருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டியாகப் போடுவதா என்று டிராஃப்ட் வரை விவாதித்தார்கள். 2024இல் 40ஆவது ஆளாகப் போனார். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரை ஸ்லாட்டில் நிறுத்தியது. அந்தப் பருவத்தின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில், தன் 22ஆவது பிறந்தநாளில், இன்டர்செப்ஷனை டச்டவுனாக்கினார்.

படி 9: உடல்நிலை, வயது

இதில் நமக்குத் தெரிவது கொஞ்சம்தான். அணிகளின் மருத்துவர்கள் கம்பைனில் பார்ப்பதை நாம் பார்க்க முடியாது. 2025இல் மிச்சிகனின் வில் ஜான்சன் முதல் சுற்றில் போவார் என்று ஏறக்குறைய எல்லோரும் எழுதினார்கள். முழங்கால் குறித்த கவலை காரணமாக 47ஆவது இடத்துக்கு இறங்கினார். தவறவிட்ட ஆட்டங்களை எண்ணி எழுதிவையுங்கள், அதற்குமேல் மருத்துவர் ஆகிவிட வேண்டாம். வயதும் அப்படித்தான். 24 வயதில், ஆறாவது ஆண்டாக ஆடி, 19 வயதுப் பையன்களை அடக்கியவரின் எண்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள்.

படி 10: சுற்றைத் தீர்மானிப்பது

பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதைவிட நாலு வாக்கியம் எழுதுவது மேல். எந்த முறைக்கு ஏற்றவர், முதல் ஆண்டிலேயே தொடக்க வீரரா, பின்தங்கும்போது என்ன செய்கிறார், எது நடந்தால் இவர் தோற்பார். கடைசி வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் ஓர் ஆட்டம் பார்க்க வேண்டியிருக்கிறது. பிறகு முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று மூன்றில் ஒன்றில் வையுங்கள். முதல் நாள் என்பது முதல் சுற்று மட்டும், இரண்டாம் நாள் அடுத்த இரண்டு சுற்று, மிச்சம் நான்கும் மூன்றாம் நாள்.

எத்தனையாவது ஆள் என்று துல்லியமாகச் சொல்ல முயல வேண்டாம், அது வீரரின் தரத்தைவிடச் சந்தையைப் பொறுத்தது. 2020இல் முதல் சுற்றில் ஆறு கார்னர்கள் போனார்கள். 2024இல் முதல் 14 பேரும் தாக்குதல் ஆட்டக்காரர்கள், முதல் கார்னரான மிட்செல் 22வது இடத்தில்தான் போனார். அதனால் அவர் குறைந்த கார்னர் ஆகிவிடவில்லை, முதல் பருவத்திலேயே ஈகிள்ஸின் தொடக்க வீரராக சூப்பர் பவுல் ஜெயித்தார்.

எழுதியதைத் தேதி போட்டு வைத்துவிடுங்கள். முதல் பருவத்தை வைத்துச் சரிபார்க்காதீர்கள். புதிய கார்னரைத் தேடித்தேடி வீசுவது குவார்ட்டர்பேக்குகளின் வழக்கம், பலருக்கு அந்த ஆண்டு கண்ணீர்தான். 2022இல் கார்ட்னருக்கு ஓரிடம் முன்னால் மூன்றாவது ஆளாக ஹூஸ்டன் எடுத்த டெரெக் ஸ்டிங்லியை முதல் ஆண்டு முடிவில் தவறான தேர்வு என்று எழுதியவர்கள் நிறையப் பேர். 2024 பருவத்தில் அவர் ஆல்-ப்ரோ. 2020இல் அதே மூன்றாவது இடத்தில் போன ஜெஃப் ஒகூடாவின் கதை எதிர்த்திசையில் போனது. 2021 முதல் ஆட்டத்திலேயே குதிகால் தசைநாண் அறுந்து, 2023இல் டெட்ராய்ட் அவரை அட்லான்டாவுக்கு மாற்றிவிட்டது.

முதல் சுற்று வீரர்களுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தம், ஐந்தாவது ஆண்டு அணியின் விருப்பம். மூன்றாவது பருவம் முடிந்த அடுத்த மே மாதத் தொடக்கத்துக்குள் அந்த ஐந்தாவது ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்று அணி சொல்லியாக வேண்டும். உங்கள் குறிப்பை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கச் சரியான நேரம் அதுதான்.